வன்னியை வாட்டிய பறங்கிப் புண்

நாயாற்றுப் பாலத்தின்மேல் மாலை வேளையில் நின்று மேற்கே நோக்கினால், களப்பு நீர் பரந்து கிடப்பதையும் அதற்கப்பால் காடு கரிய கோடாக நீண்டு செல்வதையும் காணலாம். அக்காட்டினுள்ளே பழைய குளக்கட்டுகள் பல உள. உடைந்த கட்டுகளின்மேற் பாலையும் முதிரையும் ஓங்கி வளர்ந்து நிற்கின்றன. முன்னொருகால் அங்கே ஊர்கள் இருந்தன என்று மூத்தோர் கூறுவர். ஊர்கள் ஏன் அழிந்தன என்று வினவினால், படையெடுப்பு என்பார் சிலர். காய்ச்சல் என்பார் சிலர். அம்மாளின் கோபம் என்பாரும் உளர். எமது அயலில் வாழும் மூதாட்டி ஒருவர் மட்டும், "அது பறங்கி திண்ட ஊர், தம்பி" என்றார்.

நாம் மிசன் பள்ளியிற் படித்தவராதலாற் பறங்கி என்றதும் போர்த்துக்கேயரையே நினைத்தோம். 1505, 1619 என்ற ஆண்டுகள் நாவில் வந்து நின்றன. ஆச்சி சிரித்துவிட்டார். "வெள்ளைக்காரனையே சொல்லுறன்? புண்ணையெல்லோ சொல்லுறன்" என்று தம் முழங்காலுக்குக் கீழே கையால் தடவிக் காட்டினார். பறங்கிப் புண் என ஒரு கொடிய வியாதி இந்த வன்னி நாட்டை நூற்றாண்டுக்கு மேலாக அரித்ததென்பதை அன்றே நாம் முதன்முதல் அறிந்தோம். வன்னியர்களின் வீரத்தைப் பற்றியும் பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியமை பற்றியும் மலர்தோறும் எழுதப்படுகிறது. அவர்தம் குடிகளின் கால்களைப் பற்றி எழுதுவார் இலர். ஆகையால் இவ்வாண்டு அதனையே எழுதத் துணிந்தோம்.

நோயின் இயல்பை முதலிற் கூறுவாம். ஆங்கிலத்தில் யோஸ் என்று வழங்குவதும், சிங்கள மக்கள் பறங்கி லெட என்பதும், நாம் பறங்கி வியாதி என்பதும் ஒன்றே. இது தோலினூடே புகும் ஒரு பற்றீரியாவால் வருவது. பெரும்பாலும் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவரையே முதலிற் பற்றும். ஒரு பிள்ளையின் புண்ணிலிருந்து கசியும் நீர் மற்றொரு பிள்ளையின் காலிலுள்ள சிராய்ப்பிற் பட்டாற் போதும். ஏறக்குறைய மூன்று கிழமைகளின் பின் அவ்விடத்தில் ஒரு முனைப்பு எழும். பின்பு அது நுணாக்காயின் மேற்றோல்போலக் கரடுமுரடாகி, மஞ்சட் பொருக்குக் கட்டும். இதனைத் தாய்ப் புண் என்பர். அது தானே ஆறினும் ஆறும். ஆறியதைக் கண்டு தாய் தகப்பன் மகிழ்ந்திருக்கையில், சில கிழமைகளோ மாதங்களோ கழிய, உடலெங்கும் குட்டிப் புண்கள் கிளம்பும். உள்ளங்காலில் வந்துவிட்டால் தோல் தடித்து வெடித்து, நிலத்திற் கால் ஊன்ற இயலாது போகும். நோயாளி குதியாலும் காற்புறத்தாலும் நண்டுபோல் ஒருக்களித்து நடப்பான். மருத்துவ நூல்களும் இதற்கு நண்டின் பெயரையே இட்டிருக்கின்றன. ஆச்சியின் பேத்தியாரும் அவ்வாறே நடந்தவராம்; பிறவி நொண்டி என்றே ஊரார் எண்ணியிருந்தனராம்.

மருந்தின்றி விடப்பட்டவருள் ஏறக்குறையப் பத்திலொருவருக்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ கடந்தபின் எலும்பும் பழுதாகும். கணைக்கால் எலும்பு வாள்போல் முன்னே வளையும். மூக்கும் அண்ணமும் அரிக்கப்பட்டு முகமே உருவழிந்து போவதுமுண்டு. இவ்வளவு செய்தும் இந்நோய் ஆளைக் கொல்வது மிக அரிது. இங்கேதான் அதன் கொடுமை இருக்கிறது. கொள்ளை நோய் என்றாற் கச்சேரியார் கலங்குவர், தாளம் தட்டுவர், மருந்து வரும். பறங்கியோ ஆளைக் கொல்லாமல் வயலை மட்டும் கொன்றது. கால் ஊன்ற முடியாதவன் ஏர் பிடிப்பதெங்ஙனம்? குளக்கட்டு உடைந்தால் மண் சுமப்பவர் யார்? ஒரு மாரி கட்டுக் கட்டப்படாது போனால், அடுத்த போகம் இல்லை. போகம் இல்லையேற் சேனைக் குரக்கனும் காட்டுக் கிழங்குமே உணவு. மெலிந்த உடம்பிற் காய்ச்சல் எளிதிற் குடிகொள்ளும். மக்களை உண்மையிற் கொன்று ஊர்களை வெறிதாக்கியதிற் பெரும் பங்கு மலேரியாவுடையது என்பதே எமது துணிபு. ஆயினும் கண்ணுக்குத் தெரிந்த குற்றவாளி புண்ணேயாதலாற் பழி முழுவதும் அதன்மேல் விழுந்தது.

வன்னியிற் குடிசனம் அருகிப் போவதைக் கண்ட ஆங்கில அரசாங்கம், 1860ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், அதன் காரணத்தை ஆராயுமாறு வடமாகாண அரசாங்க வைத்தியராயிருந்த ஜேம்ஸ் லூஸ் என்பாரைப் பணித்தது. லூஸ் காட்டூர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். மருந்து தருவதற்கு ஆளில்லை. ஆகவே இந்நாட்டு இளைஞருக்கே மேனாட்டு வைத்தியம் கற்பித்து ஊர்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. அதன் பயனாக 1870ஆம் ஆண்டு யூன் மாதம் முதலாந் திகதி, தேசாதிபதி சேர் ஹெர்கியூலிஸ் றொபின்சன் காலத்தில், கொழும்பு வைத்தியக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரியாசுப்பத்திரியின் ஒரு பெண்கள் வாட்டே முதல் வகுப்பறை. மாணவர் இருபத்தைவர், படிப்பு மூன்றாண்டு. முதல் தலைவராக லூஸ் அவர்களே நியமனம் பெற்றார். இன்றைய கொழும்புப் பல்கலைக்கழக வைத்திய பீடம் அதுவேயாம்.

இதனை வாசித்த அன்று நாம் சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டிருந்தோம். இலங்கையின் தலையாய வைத்தியக் கல்லூரி, வன்னிப் பிள்ளைகளின் காற்புண்களினாற் பிறந்தது! வன்னியின் பொருட்டு எழுந்த கல்லூரியிலிருந்து வன்னிக்கு வந்து தங்கிய வைத்தியர் எத்துணைப் பேர் என்று மட்டும் எம்மைக் கேளாதீர்கள். இக்கேள்விக்கு விடை காண்பதற்குப் புத்தகம் வேண்டியதில்லை; இப்பகுதிப் பெரியோர் எவரைக் கேட்பினும் சொல்வர்.

இவ்விடத்தில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினையாதிருக்க முடியவில்லை. அவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் 1873இல் மீண்டவர். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். இரண வைத்தியம் முதலான பெரு நூல்களைத் தமிழிற் பெயர்ப்பித்து அச்சிட்டார். ஆங்கிலத்திற் படித்தவர் அரசாங்கச் சம்பளத்தை நாடி ஊரை விட்டுப் போய்விடுவர். தமிழிற் படித்தவரோ தம் ஊரிலேயே தம் மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து. சமய விடயத்தில் எமது முன்னோருக்கும் மிசனரிமாருக்கும் இருந்த வழக்கு யாவரும் அறிந்தது. அதனை ஈண்டு எழுப்ப நாம் விரும்பவில்லை. ஆனால் இந்த ஒரு விடயத்திற் கிறீன் கண்டதே சரி என்று இந்து இளைஞர் சங்க மலரில் எழுத நாம் கூசவுமில்லை.

இனிப் பெயரைப் பற்றி ஒரு சொல். போர்த்துக்கேயர் கொண்டு வந்தமையாலேயே பறங்கி நோய் எனப் பெயர் வந்ததென்பது பொதுவான நம்பிக்கை. அஃது உண்மையாயினும் ஆகலாம். அயலானின் தலையில் நோயைச் சுமத்தும் உலக வழக்காயினும் ஆகலாம். கிரந்திப் புண்ணைப் பிரெஞ்சுக்காரர் இத்தாலியர் நோய் என்றும், இத்தாலியர் பிரெஞ்சுக்காரர் நோய் என்றும் கூறிய கதை பலருக்குந் தெரியும். சுவை என்னவெனில், நோய்க்கு மட்டுமன்றி மருந்துக்கும் அப்பெயரே வாய்த்தது. எமது பரியாரிமார் மேகப் புண்ணுக்கும் தோற்பிணிகளுக்கும் வழங்கும் பறங்கிப்பட்டை, சீன தேசத்துக் கிழங்கு; போர்த்துக்கேயர் காலத்துக் கடல் வாணிகத்தால் இப்பக்கம் பரவியது. 1563இற் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூல் அக்கிழங்கைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே பறங்கி நோய்க்குப் பறங்கிப்பட்டை என்று எமது முன்னோர் பொருத்தம் பார்த்துவிட்டனர்! இரசம் சேர்த்த மருந்துகளும் கொடுக்கப்பட்டன. இரசத்தாற் பல் ஆடி வாய் வெந்தோர் உண்டென்று பரியாரிமாரைப் பழிப்பவர், அதே காலத்தில் மேனாட்டு வைத்தியரும் இரசத்தையே நம்பியிருந்தனர் என்பதை மறத்தலாகாது.

காரணம் எது என்பதில் அக்காலத்து அதிகாரிகளிடையே பெரும் மயக்கம் இருந்தது. கெட்ட தண்ணீரும் பட்டினியுமே காரணம். குளங்களைத் திருத்தி வயலுக்கு நீர் பாய்ச்சினாற் பறங்கி தானே ஓடும் என்றனர் பலர். 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிறகரி, 1873இல் வடமத்திய மாகாணத்தை வேறாக்கிக் குளத் திருத்த வேலைகளை ஊக்கினார். காரணம் பிழை; ஆயினும் காரியம் நன்மையாயிற்று. நீர் பெருகினாற் குளிப்பு உண்டு. குளிப்பும் வயிற்றுச் சோறும் உள்ள வீட்டிற் புண் பரவுவது குறையும். 1881இல் வைத்திய பகுதித் தலைவர் கின்சி பறங்கி வியாதியைப் பற்றித் தனி அறிக்கை ஒன்று வெளியிட்டார். 1895இல் ஜே. பீ. லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூலும் இதனைப் பேசுகிறது. 1913இல் லெனாட் வுல்ஃப் எழுதிய காட்டூர்க் கதையிலும் பறங்கி வருகிறது. அது தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கதையாயினும், காடு ஊரை விழுங்கும் விதம் வன்னிக்கும் பொருந்தும்.

அறிக்கைகள் குவிந்தன, கிருமி அகப்படவில்லை. அதனைக் கண்டவர் ஓர் இத்தாலியர். அல்டோ கஸ்தெல்லானி 1874இற் பிளாரன்ஸ் நகரிற் பிறந்தவர். 1903இற் கொழும்புக்கு வந்து அயனமண்டல நோய் ஆய்வில் ஈடுபட்டவர். 1905இல் அவர் பறங்கி நோயாளரின் புண்களைச் சுரண்டி எடுத்த நீரை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, தக்கைத் திருகுபோற் சுருண்ட மிக மெல்லிய உயிர்களைக் கண்டார். அவ்வாண்டிலேயே ஜேர்மனியில் ஷௌடின், ஹொஃப்மன் என்னும் இருவர் கிரந்தியின் கிருமியைக் கண்டு வெளியிட்டனர். இரண்டையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது! அப்படியாயின் இரண்டும் ஒரே நோயா? கஸ்தெல்லானி குரங்குகளுக்கு நோயேற்றிப் பார்த்தார். பறங்கி வந்த குரங்குக்குப் பின்னர் கிரந்தியும் வந்தது. எனவே வேறு வேறு என்று முடிவு செய்தார். மரபணு முழுவதையும் எழுத்தெண்ணி வாசிக்கும் இக்காலத்தில், இரண்டிற்குமிடையே உள்ள வேற்றுமை நூற்றுக்குக் காற்பங்கும் இல்லையெனக் கண்டுள்ளனர். ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் ஒன்று காட்டிற் சிறுவரின் காலைப் பற்றியது; மற்றையது பட்டினத்தில் வேறு வழி பிடித்தது.

இந்த உறவினால் விளைந்த துன்பம் சிறிதன்று. கிரந்தி ஒழுக்கக் கேட்டால் வருவது என்பது ஊரார் எண்ணம். பறங்கியோ விளையாட்டாற் பரவுவது. ஒரே பாயிற் படுத்த சகோதரரிடையே தாவுவது. ஆனால் 1906இல் வசர்மன் கண்ட இரத்தப் பரிசோதனை முதலாக இன்றைய விரைவுப் பரிசோதனைகள் வரை, இரத்தத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. சிறு வயதிற் பறங்கி வந்து ஆறிய ஒரு முதியவளுக்கு, பிற்காலத்தில் இரத்தம் சோதித்துப் பார்த்தவிடத்துக் கிரந்தி என்று தாளில் எழுதிவிடலாம். அக்குடும்பத்துக்கு நேரும் மானக்கேட்டை எண்ணிப் பாருங்கள். ஆகவேதான் நோயைத் தீர்மானிப்பதற்கு இரத்தம் மட்டும் போதாது. நோயாளியின் வயது, வாழ்ந்த ஊர், புண் முதலில் எழுந்த இடம், அயற் பிள்ளைகளுக்கும் உண்டா என்பன யாவற்றையும் கேட்டறிய வேண்டும் என்று வைத்தியர்கள் கற்பிக்கின்றனர். இக்காலத்தில் புண்ணில் ஒற்றியெடுத்த நீரிலுள்ள மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் முறை ஐயத்தைத் தீர்க்கிறது. அம்முறையாற் பப்புவா நியூகினியில் ஒரு வியப்பும் வெளிவந்தது: பறங்கி என எண்ணிய சிறுவரின் காற்புண்களிற் பல, வேறொரு கிருமியால் வந்தவை. கண் பார்வையை மட்டும் நம்பிய காலத்து அறிக்கைகளில் எத்துணைப் புண்கள் உண்மையிற் பறங்கியோ, ஆர் அறிவார்!

மருந்தின் கதை இதனிலும் விரைவானது. 1910இல் எர்லிக்கின் 606ஆம் இலக்க மருந்து, அதாவது ஆசனிக்குச் சேர்ந்த சல்வர்சன், விற்பனைக்கு வந்தது. கிரந்தியிலும் பறங்கியிலே அது மேலும் விரைவாக வேலை செய்தது. ஆண்டுக்கணக்காகப் பொருக்குப் பிடித்திருந்த புண் ஓர் ஊசியில், சில நாளில், காய்ந்து உதிர்ந்தது. வெப்ப நாடுகள் பலவற்றிலே மேனாட்டு வைத்தியத்தை நம்பாதிருந்த மக்கள், இவ்வூசியைக் கண்ட பின்னரே ஆசுப்பத்திரியைத் தேடி வந்தனர் என்பர். குளிசை தந்தால் முகஞ் சுளித்து, "ஒரு ஊசி போடுங்கோ ஐயா" என்று எமது பெரியவர்கள் கேட்பதன் வேர் இதுதானோ என்று நாம் ஐயுறுவதுண்டு. ஊசிக்கு வசதியற்ற இடங்களுக்கென்று கஸ்தெல்லானியும் வாந்தி உப்பு, அயடீன் உப்பு முதலியன சேர்த்து ஒரு கலவை மருந்தை வகுத்திருந்தார். அவர் 1915இல் இலங்கையை விட்டு நீங்கினார்.

அதன் பின்பு பெனிசிலின் வந்தது. உடலில் நெடுநாள் தங்கும் பெனிசிலின் ஊசி ஒன்றே பறங்கிக்குப் போதுமெனக் கண்டதும், 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் நாற்பத்தாறு நாடுகளில் மாபெரும் இயக்கம் நடத்தின. முப்பது கோடி மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். ஐந்து கோடிப் பேர் மருந்து பெற்றனர். நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. இலங்கையிலும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின் பறங்கி கதையாய்ப் போயிற்று. இந்தியாவிற் காட்டு மக்களிடையே எஞ்சியிருந்தது. கோயா என்னும் குடியின் பெயராலேயே கோயா நோய் என அங்கே ஏசப்பட்டது. 1996இல் ஒரிசாவின் கோராப்புட் மாவட்டத்தில் வேலையைத் தொடங்கி, வீடு வீடாகத் தேடி, 2003இற் கடைசி நோயாளரைக் கண்டனர். 2016இல் உலக சுகாதார நிறுவனம் பறங்கியற்ற நாடென இந்தியாவை ஏற்றது. 2012இல் பப்புவா நியூகினி ஆய்வொன்று, அசித்திரோமைசின் என்னும் குளிசையை ஒரே தடவை விழுங்கினால் ஊசிக்கு ஈடாகும் என்று காட்டியது. ஆயினும் அத்தீவிற் சில ஆண்டுகளில் நோய் மீண்டும் தலைகாட்டியது. அக்குளிசைக்கு மடங்காத கிருமியும் தோன்றியது. மேற்கு ஆபிரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் பறங்கி இன்னும் சிறுவரை வருத்துகிறது.

நாயாற்றுக் கரையிலோ, ஊர் வெறிதாவதற்கு நோய் வேண்டியிருக்கவில்லை. 1984ஆம் ஆண்டு மார்கழியில் நாயாறு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் மக்கள் எழுந்து சென்றதும், கால் நூற்றாண்டுக்கு மேற் கழிந்து திரும்பி வந்ததும் யாவரும் அறிந்தவை. அவர்கள் வந்தபோதும் வயல்களிற் காடு ஏறியிருந்தது.

திரும்பி வந்து அவ்வயல்களில் இறங்குவோர் அறிய வேண்டிய கிருமி இன்று வேறொன்று. மெலியோய்டோசிஸ் என்பது அந்நோயின் பெயர். 1911இல் றங்கூனில் விட்மோர் என்பார் கண்டது. இலங்கையில் 1927இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. இக்கிருமி சேற்றிலும் தண்ணீரிலும் வாழ்கிறது. மாரி காலத்தில், காலிற் காயத்தோடு வயலில் இறங்குபவரை, அதிலும் நீரிழிவு உள்ளவரை, எளிதிற் பற்றும். தோலில் ஆறாத புண்ணாகவோ சீழ்க்கட்டியாகவோ தோன்றி, நுரையீரலிலும் ஈரலிலும் இரத்தத்திலும் பரவும். பார்ப்பதற்குச் சயரோகம் போலவும் இருக்கும். பறங்கியைப் போலன்றி, இது கொல்லும் நோய். பெனிசிலினுக்கு மடங்காது. சீழையும் இரத்தத்தையும் எடுத்து வளர்த்துப் பார்த்தாலன்றித் தெரியாது. தெரிந்த பின்பு ஆசுப்பத்திரியில் இரண்டு கிழமை அளவேனும் நாளத்தின் வழியே செஃப்டசிடிம் அல்லது மெறோபெனம் ஏற்ற வேண்டும். வீடு வந்த பின் மூன்று மாதமாவது கோட்றைமொக்சசோல் குளிசையைத் தவறாது விழுங்க வேண்டும். புண் ஆறியவுடனே குளிசையை நிறுத்துபவர்க்கு நோய் திரும்பும்.

தொழுநோயையும் இதனோடு மயங்குவோர் உளர். தோலில் வெளிறிய தழும்பு, அதில் உணர்ச்சி இன்மை என்பன அதன் குறிகள். இறகால் தொட்டாற் கூடத் தெரியாது. அதற்கு 1983 முதல் இந்நாட்டிற் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படுகிறது. ஒல்லாந்தர் 1708இல் எந்தலையிற் கட்டிய தொழுநோய் விடுதியை நினைத்து அஞ்சி, தழும்பைச் சட்டைக்குள் மறைக்கும் காலம் போய்விட்டது.

முதல் மழை விழுந்து வயல் உழும்போது, காலிற் காயமுள்ளோர் சப்பாத்தணிந்து இறங்குக. மூன்று கிழமையில் ஆறாத புண்ணோடு முல்லைத்தீவு ஆசுப்பத்திரிக்குச் செல்பவர், தாம் வயல் செய்பவர் என்பதையும் தமக்கு நீரிழிவு உண்டா என்பதையும் வைத்தியர் கேளாமுன்னரே சொல்லிவிடுவது நன்று. ஆச்சியும் இம்முறை எம்மோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் காலில் இருப்பது பழைய வடுவா, புதிய புண்ணா என்று எமக்குத் தெரியவில்லை.